கட்டிலில் இருந்து தொடங்குங்கள்: ஃபெங் சுயிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டையும் அதிலுள்ள பொருள்களையும் எப்படி அமைத்தால் நல்லது என்று சொல்லும் சீன மரபுதான் ஃபெங் சுயி. அதன் பக்கம் யாரும் சும்மா வருவதில்லை. தூக்கம் சரியில்லை, வீட்டுக்குள் நுழைந்தாலே அலுப்பாக இருக்கிறது, ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறோம் என்று ஏதாவது ஒரு குறை மனதை அரித்துக்கொண்டிருக்கும். தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் கட்டளைகள்தான். கண்ணாடியை இங்கே மாட்டு, அந்த மூலையில் இதை வை, இந்த நிறம் ஆகாது. ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. ஓரிடத்தில் படித்ததற்கு நேர் எதிராக இன்னோர் இடத்தில் எழுதியிருக்கும். சிலர் இதிலேயே குழம்பி விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பொம்மையும் மணியும் வாங்கி வைத்துவிட்டு ஏதாவது மாறும் என்று காத்திருக்கிறார்கள்.

நான் இங்கே வேறு வரிசையில் போகிறேன். முதலில் கவனிப்பது, அப்புறம் கட்டில், அதன் பிறகு வெளிச்சம், காற்று, வாசல், மேசை. திசைகளும் ஐந்து மூலகங்களும் கடைசியில்தான். ஃபெங் சுயி ஒரு வீட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் அருமையானவை. எங்கே தலை வைத்துப் படுக்கிறாய், உட்கார்ந்தால் கண்ணுக்கு என்ன தெரிகிறது, காற்று எப்படி வந்து எப்படிப் போகிறது என்று அது கேட்கிறது. பதில்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் உடம்பை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் பின்னணி

ஃபெங் சுயி சீனாவில் பிறந்தது. ஆரம்பத்தில் அதற்குக் கட்டிலைப் பற்றியும் சோபாவைப் பற்றியும் கவலை இல்லை. இறந்தவரைப் புதைக்கவும் இருப்பவர் குடியிருக்கவும் எந்த நிலம் நல்லது என்பதுதான் கேள்வி. கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்ற அறிஞரின் பெயரில் வழங்கும் பழைய நூல் ஒன்று, 'ச்சி' என்னும் உயிராற்றல் காற்றடித்தால் கலைந்துபோகும், நீரைக் கண்டால் நின்றுவிடும் என்கிறது. ஆகவே பின்னால் மலை, இரண்டு பக்கமும் அணைத்தாற்போல் குன்றுகள், முன்னால் திறந்தவெளி, அங்கே தண்ணீர் என்று அமைந்த இடம் உத்தமம். பின்மலை கருப்பு ஆமை, இடப்பக்கக் குன்று நீல டிராகன், வலப்பக்கம் வெள்ளைப் புலி, முன்வெளி செம்பறவை என்று பெயரும் வைத்தார்கள். குளிர்காற்றைத் தடுக்க ஒரு மலையும், வெயில் விழும் முகப்பும், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் இருந்தால் ஒரு விவசாயக் குடும்பம் அங்கே நிம்மதியாகப் பிழைக்கும். அனுபவம்தான் அங்கே விதியாக உறைந்திருக்கிறது.

பின்னாளில் இது கிளை பிரிந்தது. நிலத்தின் வடிவையும் கட்டடத்தின் வடிவையும் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். லுவோபான் என்ற வட்டத் திசைகாட்டியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இன்னொரு பக்கம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லின் யுன் (1932–2010) என்ற ஃபெங் சுயி ஆசிரியர் அமெரிக்காவில் பரப்பிய முறையில் திசைகாட்டியே கிடையாது. வாசலை அடிப்படையாக வைத்து வீட்டின் வரைபடத்தைப் பிரிப்பார்கள். நீங்கள் படித்த இரண்டு குறிப்புகள் ஒன்றோடொன்று மோதினால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஒருவர் வடக்கு தெற்கு பார்த்துச் சொல்கிறார், மற்றவர் வாசலிலிருந்து பார்த்துச் சொல்கிறார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ச்சியை அளந்து காட்டிய கருவி கிடையாது. குறிப்பிட்ட மூலையில் குறிப்பிட்ட பொருளை வைத்தால் பணம் வரும் என்பதற்கு ஆதாரமும் கிடையாது. ஆனால் வெளிச்சம், காற்று, சத்தம், அடைசல், உட்காரும் இடம் தரும் பாதுகாப்பு உணர்வு ஆகியவை உடம்பையும் மனதையும் பாதிக்கின்றன என்பது ஆய்வாளர்கள் அளந்து பார்த்த விஷயம். பழைய மரபும் புதிய ஆய்வும் கைகோக்கும் இடங்கள் நிறைய. அந்த இடங்களில்தான் நாம் வேலையை ஆரம்பிக்கப் போகிறோம்.

முதல் வாரம்: எதையும் நகர்த்தாதீர்கள்

இது கஷ்டமான படி. ஆசையோடு ஆரம்பிப்பவருக்கு உடனே கட்டிலை இழுத்துப் போடத் தோன்றும். பொறுங்கள். ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு நாளில் மூன்று நேரம் மட்டும் குறித்து வையுங்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது, இரவு விளக்கை அணைத்துப் படுத்தவுடன், காலையில் கண் விழித்தவுடன். ஒவ்வொரு முறையும் இரண்டு வரி போதும். முதல் பார்வை எதன் மேல் விழுகிறது, உடம்பு எப்படி இருக்கிறது.

இரவுக் குறிப்பை மட்டும் அவசரப்படாமல் எழுதுங்கள். விளக்கை அணைத்த பிறகு அப்படியே படுத்துக் கிடந்து பாருங்கள். முதலில் எல்லாம் இருட்டு. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வெளிவரும். சார்ஜரின் நீலப் புள்ளி. கதவடி இடுக்கில் கசியும் கூடத்து வெளிச்சம். நாற்காலியின் முதுகில் குவிந்து கிடக்கும் துணி, அது ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிவது. அலமாரியின் மேலே அடுக்கிய பெட்டி, சரிந்தால் நேராகத் தலைமாட்டில்தான் விழும். ஜன்னல் திரைச்சீலையின் ஓரத்தில் தெருவிளக்கு வரையும் கோடு. இவ்வளவு நாளும் இவற்றுக்கு நடுவில்தான் தூங்கியிருக்கிறீர்கள். பகலில் நின்றுகொண்டு பார்த்தால் இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் எல்லோரும் தானாகப் போய் உட்காரும் இடம் எது? யாரும் உட்காராத நாற்காலி எது? அந்த நாற்காலியில் நீங்களே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். முகத்தில் கூசும் வெளிச்சமோ, முதுகுக்குப் பின்னால் நடைவழியோ, நேரே கழிவறைக் கதவோ இருக்கும்.

இரண்டாவது: கட்டில்

ஃபெங் சுயி நூல்களில் பல வாசலிலிருந்து தொடங்கும். நான் கட்டிலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நாம் அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு, காவல் இல்லாமல் இருக்கும் இடம் அது. அங்கே ஒரு சின்னத் திருத்தம் செய்தால் அதன் பலன் மறுநாள் முழுக்கத் தெரியும்.

மரபு சொல்வதை எளிமையாகச் சொன்னால் இப்படி வரும். படுத்திருக்கும்போது அறைக் கதவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் கதவுக்கு நேர் எதிரே கட்டில் இருக்கக் கூடாது. தலைமாட்டில் கெட்டியான சுவர் வேண்டும். தலைக்கு மேலே உத்தரமோ கனமான அலமாரியோ தொங்கக் கூடாது. முடிந்தால் இரண்டு பக்கமும் இறங்கி நடக்க வழி இருக்க வேண்டும். அறை முழுவதையும் பார்வைக்குள் வைத்திருக்கும் இந்த இடத்தை ஆளுமை நிலை என்பார்கள்.

ஏன் இது மனதுக்கு இதமாக இருக்கிறது? 1975இல் ஜே ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். தான் பிறரைப் பார்க்க முடிகிற, ஆனால் பிறர் தன்னை எளிதில் பார்க்க முடியாத இடத்தையே மனிதன் விரும்புகிறான் என்றார். பின்னால் மறைப்பு, முன்னால் பார்வை. அவர் நிலக்காட்சிகளைப் பற்றிப் பேசினார். ஆமை மலையும் செம்பறவை வெளியும் அதையேதான் சொல்கின்றன. படுக்கையறைக்கும் இது பொருந்துகிறது. கதவு தெரியாத இடத்தில் படுத்தால் ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்யும் முறை: அறையின் அளவை ஒரு தாளில் வரைந்து, கட்டில் அளவுக்கு இன்னொரு தாளை வெட்டி, அதை நகர்த்திப் பாருங்கள். கதவுக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள மூலை பெரும்பாலும் பொருந்தும். பிடித்த இடம் கிடைத்ததும், கட்டிலை இழுப்பதற்கு முன் அங்கே தரையில் ஒரு பாய் விரித்துக் கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்கள். ஜன்னல் காற்று நேராகத் தலையில் அடிக்கிறதா, ஏசி முகத்துக்கு நேராக ஊதுகிறதா, பக்கத்துச் சுவரில் குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்பதெல்லாம் தாளில் தெரியாது.

அறை சின்னது, கட்டிலை ஒரே இடத்தில்தான் போட முடியும் என்றால் வருத்தப்பட வேண்டாம். கதவை மூடிப் படுக்கலாம். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தாழ்வான அலமாரியோ திரையோ வைக்கலாம், வெளியேறும் வழி அடைபடாமல் இருந்தால் சரி. தலைமாட்டில் ஜன்னல் இருந்தால் உயரமான தலைப்பலகையும் கனத்த திரைச்சீலையும் போதும்.

கண்ணாடி விஷயத்தில் பெரிய சர்ச்சை உண்டு. கதவைக் காட்டும்படி ஒரு கண்ணாடி வை என்பார் ஒருவர், கட்டிலுக்கு எதிரே கண்ணாடியே ஆகாது என்பார் இன்னொருவர். இரவில் எழும்போது கண்ணாடியில் ஏதோ அசைவதைப் பார்த்து நெஞ்சு திடுக்கிடுகிறதென்றால் அதை ஒரு துணியால் மூடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அலமாரியின் கூர்மையான முனை படுத்திருப்பவரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றும் மரபு சொல்லும். ஹாங்காங்கில் 1990இல் திறந்த சீன வங்கிக் கோபுரத்தின் கத்தி போன்ற விளிம்புகள் அக்கம்பக்கத்துக் கட்டடங்களைக் குத்துகின்றன என்று பெரிய பேச்சு கிளம்பியதும் இந்த நம்பிக்கையால்தான். மோஷே பார், மைத்தல் நேட்டா என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கூர்முனைப் பொருள்களைவிட வளைந்த விளிம்புள்ளவற்றையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். இருட்டில் முழங்காலில் இடித்துக்கொள்வது தனி. அலமாரியைத் திருப்ப முடிந்தால் திருப்புங்கள். முடியாவிட்டால் முனையில் ஒரு ரப்பர் காப்பு ஒட்டினால் சரி.

சத்தத்தையும் மறக்க வேண்டாம். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே வழிகாட்டியது. அது கிசுகிசுப்பாகப் பேசும் அளவு. கட்டிலைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றினாலேயே சில வீடுகளில் வித்தியாசம் தெரியும்.

வெளிச்சம்

நான்கு அறிவுரைக்குப் பதிலாக ஒன்றே ஒன்று சொல் என்று யாராவது கேட்டால், காலை வெளிச்சத்தைத்தான் சொல்வேன்.

கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் மட்டும் இல்லை. இது பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்லும் செல்களும் இருக்கின்றன. 2002இல்தான் இவை தெளிவாக அடையாளம் காணப்பட்டன. நீலம் கலந்த வெளிச்சம் இவற்றைத் தூண்டுகிறது. தூண்டப்பட்டால் தூக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பு அடங்கும். பகலில் இது நல்லது, இரவில் தொல்லை.

நம் கண் ஏமாற்றக்கூடியது. விளக்கு போட்ட அறை நன்றாக வெளிச்சமாக இருப்பதுபோல்தான் தோன்றும். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் வீட்டுக்குள் பெரும்பாலும் சில நூறுதான் இருக்கும். வெளியே மேகம் மூடிய பகலில்கூட 10,000 லக்ஸைத் தொடும். 2022இல் வல்லுநர்கள் குழு ஒன்று மூன்று அளவுகளைப் பரிந்துரைத்தது. பகலில் கண் மட்டத்தில் குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1க்கு மேல் வேண்டாம். இது அந்தச் செல்களின் உணர்திறனை வைத்துக் கணக்கிடும் தனி அளவு. சாதாரண லக்ஸ் மீட்டர் காட்டுவதும் இதுவும் அப்படியே ஒத்துப்போகாது. போக வேண்டிய திசை மட்டும் தெளிவாக இருக்கிறது: பகலில் நிறைய, மாலையில் கொஞ்சம், இரவில் இருட்டு.

ஆகவே காலையில் எழுந்ததும் நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளுங்கள். ஜன்னலை மறைத்து நிற்கும் அலமாரியை வேறு சுவருக்கு மாற்றுங்கள். ஜன்னல் கண்ணாடியைத் துடையுங்கள், தூசி நிறைய வெளிச்சத்தைத் தின்றுவிடும். மாலையில் கூரை விளக்கை அணைத்துவிட்டுக் கண் மட்டத்துக்குக் கீழே ஒரு மேசை விளக்கு; 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் நிற பல்பு நல்லது. முதல் வாரக் குறிப்பில் எழுதிய நீலப் புள்ளியையும் கதவிடுக்கையும் இப்போது கவனிக்கலாம். புள்ளியின் மேல் ஒரு துண்டுக் கருப்பு டேப், கதவடியில் ஒரு சுருட்டிய துணி. அவ்வளவுதான் வேலை.

காற்றும் ஈரமும்

காற்று தேங்கக் கூடாது, பாய்ந்தோடவும் கூடாது என்பது ஃபெங் சுயியின் பழைய கவலை. முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில் இருந்தால் ச்சி உள்ளே நிற்காமல் ஓடிவிடும் என்பார்கள். நடுவில் ஒரு தட்டியோ உயரமான செடியோ வைக்கச் சொல்வார்கள். நேர்காற்றில் உட்கார்ந்து பழகியவருக்கு இதன் நியாயம் புரியும். ஆனால் இன்றைய வீடுகளில் பிரச்சினை பெரும்பாலும் எதிர்ப்பக்கம், காற்றே வராததுதான்.

வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. கதவும் ஜன்னலும் அடைத்த சின்ன அறையில் இரண்டு பேர் தூங்கினால் அது 1000ஐத் தாண்டுவது சாதாரணம். காலையில் தலை கனமாக எழுந்திருக்கிறவர்கள், சில இரவுகள் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துப் படுத்துப் பார்க்கலாம். பகலில் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைச் சேர்த்துத் திறந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அறைக் காற்று நன்றாகப் புதுசாகும். வெளியே புகையோ தூசியோ அதிகமுள்ள நேரத்தில் மட்டும் திறக்காதீர்கள்.

ச்சியைச் சுத்தப்படுத்த ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, மூலிகைப் புகை என்று நிறையச் சொல்வார்கள். மணம் மனதை அமைதிப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் புகை என்பது நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் நுண்துகள். மூடிய அறையில் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் அறவே வேண்டாம்.

செடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுச் செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு வேர் 1989இல் வந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், ஒரு வீட்டில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். காற்றுக்காகச் செடி வேண்டாம், கண்ணுக்காக வையுங்கள். வாடிய செடியை அப்படியே விடாதீர்கள் என்று ஃபெங் சுயி சொல்வதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். தினமும் கடந்துபோகும் வழியில் ஒரு உயிர் காய்ந்து நிற்பதைப் பார்ப்பது யாருக்கும் நல்லதல்ல.

சொட்டும் குழாய், செல்வம் ஒழுகுவதன் அடையாளம் என்பார்கள். செல்வம் இருக்கட்டும், சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், அது மூச்சுக்குக் கேடு. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குழாயை இந்த வாரமே சரிசெய்யுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.

வாசலும் அடைசலும்

வாசலை ச்சியின் வாய் என்பார்கள். சோதனை எளிது. கதவை முழுவதும் திறங்கள். சுவர்வரை போகிறதா, அல்லது பின்னால் மாட்டிய பை, குடை, சைக்கிள் எதிலாவது இடித்து நிற்கிறதா? கீல் கிறீச்சிடுகிறதா? நுழைந்ததும் செருப்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டியிருக்கிறதா? வீட்டுக்கு வந்ததும் ஏற்படும் முதல் எரிச்சல் இங்கேதான். இதைச் சரிசெய்ய அரைநாள் போதும், வாசலில் ஒரு நல்ல விளக்கையும் சேர்த்து.

அடைசல்தான் நேரம் பிடிக்கும். அமெரிக்காவில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், தங்கள் வீட்டை அவர்களே சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். அடைசல், முடிக்காத வேலை பற்றி அதிகம் பேசிய பெண்களின் உடம்பில், மன அழுத்தத்துக்குரிய கார்டிசோல் நாள் ஏற ஏறக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. மாலையில் அவர்கள் மனமும் சோர்ந்திருந்தது. எது எதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பொருள்களின் எண்ணிக்கையைவிட, முடியாமல் கிடக்கும் வேலை என்ற எண்ணம்தான் அழுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாதி பிரித்த பெட்டி, தைக்க வேண்டிய சட்டை, நின்றுபோன கடிகாரம், கட்ட வேண்டிய ரசீது என்று ஒவ்வொன்றும் பார்க்கும்போதெல்லாம் நம்மிடம் ஒரு வேலை சொல்கிறது.

அதனால் அடைசலைக் குறைக்கும்போது முழு வீட்டையும் கவிழ்க்காதீர்கள். கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற பரப்பை மட்டும் முதலில் எடுங்கள். முடிக்காத வேலைகளை ஒரே பெட்டியில் போட்டு, மூடி, கண்ணில் படாத இடத்தில் வைத்து, வாரத்தில் ஒரு மாலை அதற்கென்று ஒதுக்குங்கள். நின்ற கடிகாரத்துக்கு பேட்டரி போடுங்கள், இல்லையென்றால் சுவரிலிருந்து இறக்குங்கள். கட்டிலுக்கு அடியில் எதுவுமே கூடாது என்று மரபு சொல்லும். இடமில்லாத வீட்டில் அது நடக்காது. அங்கே போர்வை, துணி மாதிரி மெத்தென்றவற்றை மூடிய பெட்டிகளில் வையுங்கள். இழுத்துத் தூசி தட்ட முடிந்தால் போதும்.

ஒரு முக்கியமான விஷயம். மற்றவர் பொருளைத் தொடாதீர்கள். ஒருவரின் புத்தகங்களை அவரைக் கேட்காமல் எடுத்துப்போட்ட வீட்டில் எந்த ச்சியும் ஓடாது.

மேசை

கட்டிலுக்குச் சொன்னதே இங்கும். முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணெதிரே கதவு. நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மேசை சுவரைப் பார்த்திருக்கும், கதவு முதுகுப்பக்கம். காதில் ஹெட்போன் வேறு. யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் நாற்காலியிலிருந்து துள்ளி எழுவார், அப்புறம் விட்ட இடத்தைப் பிடிக்கவே நேரமாகும். மேசையைக் கால்வட்டம் திருப்பிக் கதவு ஓரக்கண்ணில் தெரியும்படி போட்டதும் அந்தத் துள்ளல் நின்றது. மேசையைத் திருப்ப முடியாதவர்கள் திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைக்கலாம்.

ஜன்னல் நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருந்தால் கண் கூசும், பக்கவாட்டில் இருப்பது நல்லது. அந்த ஜன்னலில் ஏதாவது பசுமை தெரிந்தால் பெரும் பேறு. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர் பெற்றது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைசிகிச்சை முடிந்த 46 பேரின் பழைய பதிவேடுகளை ஒப்பிட்டார். பாதிப் பேர் ஜன்னலில் மரங்கள், பாதிப் பேர் ஜன்னலில் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஜன்னலோரத்தில் ஒரு தொட்டியை வைக்க இந்தக் காரணம் எனக்குப் போதும்.

பாகுவாவும் ஐந்து மூலகங்களும்

இதுவரை சொன்னதைச் செய்து முடித்தவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. வீட்டின் வரைபடத்தை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொழில், உறவு, உடல்நலம், செல்வம் என்று வாழ்க்கையின் ஒரு பகுதியை ஒதுக்குவதுதான் பாகுவா முறை. இதன் அடியில் இருப்பது லோ ஷு என்ற பழைய மாயச் சதுரம்: மேல் வரிசையில் 4, 9, 2, நடுவில் 3, 5, 7, கீழே 8, 1, 6. எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து மூலகங்களும் அவற்றுக்குரிய நிறங்களும் இதோடு சேரும். மரத்துக்குப் பச்சை, நெருப்புக்குச் சிவப்பு, மண்ணுக்கு மஞ்சள், உலோகத்துக்கு வெள்ளை, நீருக்குக் கருப்பு அல்லது கருநீலம்.

இதை ஒரு சிந்திக்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். 'உறவு' கட்டத்தில் உடைந்த நாற்காலிகள் குவிந்திருப்பதைப் பார்த்து, உட்கார்ந்து பேச இந்த வீட்டில் ஓர் இடமே இல்லையே என்று உறைத்தால், பாகுவா தன் வேலையைச் செய்துவிட்டது. நிறங்களைச் சோதிக்க விரும்பினால் சுவருக்கு வண்ணம் அடிக்காதீர்கள். ஒரு மெத்தை உறை, ஒரு போர்வை என்று ஆரம்பியுங்கள். ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். திசைகாட்டிக் கணக்கையும் வாசல் கணக்கையும் கலந்தால் ஒரே மூலை நல்லதாகவும் கெட்டதாகவும் வந்து நிற்கும்.

பயத்தை உள்ளே விடாதீர்கள்

ஃபெங் சுயி செய்யக்கூடிய பெரிய கெடுதல் இதுதான். இந்த வீட்டில் இருந்தால் நோய் வரும், இந்தக் கதவால்தான் குடும்பத்தில் சண்டை என்று யாராவது சொல்லி, அதற்குப் பரிகாரமாக விலை உயர்ந்த ஒரு பொருளையும் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள். நிம்மதிக்காகத் தொடங்கிய விஷயம் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் சந்தேகிக்க வைத்தால் அது நலம் அல்ல. சுவரை இடிக்கச் சொன்னால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் ஆர்வம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் கட்டிலை நகர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். கட்டிலை அதற்கப்புறமும் நகர்த்தலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தால் எது பலன் தந்தது என்றே தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், இரண்டு வாரம் விடுங்கள், நோட்டில் அதே மூன்று நேரங்களில் எழுதுங்கள். முதல் சில நாள்கள் எந்தப் புது இடமும் அந்நியமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கூட இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். "ஃபெங் சுயிப்படி இப்படித்தான் இருக்கணும்" என்று தொடங்கினால் வாக்குவாதம்தான் வரும். "இங்கே படுத்தா கதவு தெரியுது, எனக்கு நிம்மதியா இருக்கும்போல, ரெண்டு வாரம் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தூக்கம் கெட்டால் கட்டில் பழைய இடத்துக்கே திரும்பட்டும். அடுத்த இரண்டு வாரத்துக்கு வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.